இலங்கையும் தீவு, மாலத்தீவும் தீவு. காய்கறிக்கு மாலத்தீவு மட்டும் ஏன் வெளிநாட்டை இவ்வளவு நம்புகிறது?

ஒரு நாடு சாப்பிடும் காய்கறியில் எவ்வளவு வெளியிலிருந்து வருகிறது என்பதுதான் இறக்குமதிச் சார்பு. காரணம் பெரும்பாலும் மண். மாலத்தீவின் மொத்த நிலமே சுமார் 300 சதுர கிலோமீட்டர், அதுவும் பவளத் தீவுகளாகச் சிதறிக் கிடக்கிறது. பவள மணலில் எருவும் நிற்காது, நல்ல தண்ணீரும் தங்காது. இலங்கைக்கு மலை இருக்கிறது. நுவரெலியாவில் கேரட், லீக்ஸ், கோஸ் எல்லாம் விளைகிறது. பெரிய வெங்காயம் போன்ற சிலவற்றுக்குத்தான் இந்தியாவை எதிர்பார்க்கும். 2023 டிசம்பரில் நாம் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியதும் அங்கே விலை எகிறியது.

எங்கள் ராமேஸ்வரத்தையே பாருங்கள். மீன் கரையிலேயே கிடைக்கும். தக்காளி பாம்பன் பாலம் தாண்டி லாரியில் வர வேண்டும். (ராமநாதபுரத்தில் முண்டு மிளகாய் விளைகிறதே என்பீர்கள். அதை மட்டும் போட்டு சாம்பார் வைக்க முடியுமா?)

இறக்குமதி அதிகம் என்றால் ஏழை நாடு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாலத்தீவின் தனிநபர் வருமானம் இலங்கையைவிட அதிகம்.