செல் சிகிச்சை: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுக்கும் உயிருள்ள செல்களைத் தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை, அதனால் 'எனக்கு இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா' வகைக் கேள்விகளை விட்டுவிட்டேன்.

கேள்வி: எலிக்குப் புற்றுநோய் குணமானதாக அடிக்கடி செய்தி வருகிறது. மனிதருக்கு ஏன் வருவதில்லை?

பதில்: வருகிறது, மெதுவாக. சோதனை எலிகள் ஒரே வம்சம், ஒரே வயது, ஒரே தீனி. கட்டியும் பெரும்பாலும் நாமே வைத்தது. மனிதருக்கு அப்படியா? ஆளுக்கொரு நோய், கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம்.

கேள்வி: கார்-டி சிகிச்சை என்பது என்ன? ஏன் அத்தனை விலை?

பதில்: நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு செல்களில் ஒரு வகையை, பிரித்து, பெருக முடியாதபடி மாற்றிய வைரஸ் மூலம் ஒரு மரபணுவை உள்ளே அனுப்புகிறோம். செல்லின் மேல் ஒரு கொக்கி முளைக்கும். சில ரத்தப் புற்றுநோய்கள் பி செல்கள் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்களிலிருந்து வருகின்றன. அவற்றின் மேலுள்ள சிடி19 புரதத்தை அந்தக் கொக்கி பிடித்ததும் டி செல் அந்த பி செல்லைக் கொன்றுவிடும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் முதல் ஒப்புதல் கிடைத்தது, சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் வரும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு.

விலைக்கு வருவோம். லட்சம் மாத்திரையை ஒரே பேட்சாகச் செய்து ஒரு தடவை சோதித்தால் போதும். இங்கே ஒரு நோயாளிக்கு ஒரு பேட்ச். செல்கள் உள்ள அந்த ஒரு பைக்கு மட்டுமே கிருமிச் சோதனை முதல் அத்தனையும் செய்தாக வேண்டும். அதற்கு மேல், மருந்துக்கு உயிர் இருக்கிறது. பல சுற்று கீமோ எடுத்தவரின் டி செல்கள் சோர்ந்துபோயிருக்கும், வளரவே வளராது. ஒருமுறை எட்டாம் நாள் எண்ணிப் பார்த்தோம், எண்ணிக்கை ஏறவே இல்லை. மறுபடி ரத்தம் எடுக்கலாம்தான். ஆனால் நோய் அதுவரை காத்திருக்குமா? அன்று மதியம் யாரும் சாப்பிடப் போகவில்லை.

கேள்வி: புதுத் தொழில்நுட்பங்கள் நிஜமாகவே உதவுகின்றனவா, விளம்பரமா?

பதில்: இரண்டும். பெயர் வாங்குவது கிரிஸ்பர், மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் கருவி. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கான கிரிஸ்பர் சிகிச்சையை 2023 நவம்பரில் பிரிட்டன் முதலில் ஒப்புக்கொண்டது. கருவில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபினை (ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) உடல் மறுபடி உருவாக்க வைக்கும் வித்தை அது. எங்கள் பிழைப்பைக் காப்பாற்றுவது என்னவோ மூடிய தானியங்கிக் கருவிகள்தான். கை படுவது குறைந்தால் கிருமி புகுவதும் குறையும்.

கேள்வி: தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றலாமாமே, அப்புறம் ஏன் தாமதம்?

பதில்: ஸ்டெம் செல் என்றால் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006-ல் எலிச் செல்லிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் அதைச் செய்து காட்டினார். 2014-ல் ஜப்பானின் கோபே நகரில் அப்படி உருவாக்கிய விழித்திரைச் செல்களை ஒரு மூதாட்டிக்கு வைத்தார்கள். அடுத்தவருக்குத் தயாரித்த செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் நிறுத்திவிட்டார்கள். என்னைக் கேட்டால், அந்த நிறுத்தம்தான் பெரிய செய்தி.

கேள்வி: முட்டிவலி, கண், எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்டெம் செல் ஊசி என்கிறது ஒரு கிளினிக். போகலாமா?

பதில்: வேண்டாம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் போட்டு, அமெரிக்காவில் மூன்று பெண்களுக்குப் பார்வை பறிபோனது. 2017-ல் மருத்துவ இதழில் வெளியானது. செல் எங்கே தயாராகிறது, மனிதர்களிடம் நடத்தும் ஆராய்ச்சிச் சோதனை என்றால் அதன் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.