எப்போதாவது மட்டும் சைக்கிள் ஓட்டும் நான், 25 கி.மீ. தொண்டு சைக்கிள் பயணத்துக்கு ஆறு வாரத்தில் தயாராக முடியுமா?

முடியும். ஆறு வாரம் தாராளம். "வெறும் 25 கிலோமீட்டருக்குப் பயிற்சி வேறயா?" என்று கேட்பவர்களைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நான் 46 வயதில், டெல்லி குளிரில், இதே தூரத்துக்குத் தயாரானவள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

உங்களையும் என்னைப் போல ஆபீஸ் வாட்ஸப் குழுவில் யாராவது பெயர் கொடுக்க வைத்திருப்பார்கள், பால்கனியில் ஒரு சைக்கிள் தூசி படிந்து நிற்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வாராவாரம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது தேவைப்படாது. அவர்கள் வந்து "இதெல்லாம் ஒரு தூரமா" என்று எழுத வேண்டாம். அது உங்கள் தூரம், இது எங்கள் தூரம்.

முதலில் என் கதை. நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், களையெடுக்கப் போனவர்கள், ஊர் ஊராகப் போக வேண்டியிருந்த நர்சுகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைத்துக்கொண்டிருந்த என் அம்மாவும் அதில் ஒருவர். பார் வைத்த ஆம்பளை சைக்கிள்தான் கிடைத்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில்தான் ஓட்டினார். அதே சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு நான் கற்றுக்கொண்டேன்.

அதனால்தான், ஆபீஸில் பெயர் கொடுத்தபோது ஒரு இளைஞர் "ஆன்ட்டி, நீங்க டி-ஷர்ட் கொடுக்கிற இடத்தில் இருங்களேன்" என்று சொன்னது சுருக்கென்று தைத்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் தைத்தது. அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். "இருவத்தஞ்சு கிலோமீட்டரா? நம்ம ஊர்லேர்ந்து கீரனூர் சந்தைக்குப் போயிட்டு வந்தா முடிஞ்சுது. சீட்டு ஒசரத்தை மட்டும் சரியா வச்சுக்கடி" என்றார். எனக்குக் கிடைத்த எல்லா யோசனைகளிலும் உருப்படியானது அதுதான்.

சீட் விஷயத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்புறம் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கும், அந்த உயரம்தான் சரி. இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அப்படி ஓட்டினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். பின்பக்கம் வலித்தால் சீட் ரொம்ப உயரம் என்று அர்த்தம். நான் டாக்டர் இல்லை. ஏற்கெனவே முட்டி வலி, இதயப் பிரச்சினை, ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டே ஏறுங்கள்.

அடுத்தது சைக்கிள். புதிதாக வாங்க வேண்டாம். என்னுடையது பக்கத்து வீட்டுப் பையன் படிக்க வெளியூர் போனபோது விட்டுப்போன பழைய கியர் சைக்கிள். சர்வீசுக்குக் கொண்டுபோன கடையில், சைக்கிள் என்னுடையது என்று சொன்ன பிறகும் கடைக்காரர் என் கணவரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். வேறு கடைக்குப் போனோம். அங்கே வெடித்திருந்த டயர்களையும் பிரேக் கட்டைகளையும் மாற்றி, செயினைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார்கள். அது போதும்.

காற்று அழுத்தம் எவ்வளவு என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். காற்று குறைந்த டயரில் மிதித்துவிட்டு "எனக்குத் தெம்பில்லை" என்று நினைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கியர் சைக்கிள்கள் பலவற்றில் ஸ்கூட்டருக்கு இருப்பது போன்ற வால்வு இருக்கும். சாதா சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் அதற்குப் பொருந்தாது, ஸ்கூட்டர் பஞ்சர் கடைக்குப் போங்கள்.

இப்போது பயிற்சி. 25 கிலோமீட்டர் மிதிக்கும் பலம் உங்கள் காலில் ஏற்கெனவே பாதி இருக்கிறது. பழக வேண்டியது உட்காரும் இடமும் உள்ளங்கையும்தான். சாதாரணமாக ஓட்டினால் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் போவீர்கள். அப்படியென்றால் சீட்டில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு உடம்பு பழக வேண்டும். வார நாட்களில் இரண்டு தடவை அரை மணி நேரம், வார இறுதியில் ஒரு நீளமான ஓட்டம் என்று வைத்துக்கொண்டேன். நீளமான ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் கூட்டினேன். பயணத்துக்கு முந்தின வாரம் 18, 20 கிலோமீட்டர் எட்டிவிட்டால் போதும். மீதி ஐந்தை அன்றைக்குக் கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். கடைசி நாலைந்து நாள் லேசாக ஓட்டி, ஒரு நாள் முழு ஓய்வு. கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், லேசான கியரில் கால் கடகடவென்று சுற்றும்படி ஓட்டுங்கள், முட்டி தப்பிக்கும்.

சீட் வலிக்கு நான் செய்தது: சில நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று நாலு மிதி மிதித்துவிட்டு உட்காருவேன். பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசர் வாங்கினால் அதற்கு உள்ளே வேறு உள்ளாடை போடக்கூடாது, தையல் உரசிப் புண்ணாகும். அதன் மேல் சல்வார் போட்டுக்கொண்டுதான் நான் ஓட்டினேன். சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் பயப்பட வேண்டாம். உள்ளங்கை ஓரமாகப் போகும் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துகிறது, அவ்வளவுதான். மணிக்கட்டை வளைக்காமல், பிடிக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுங்கள்.

டெல்லிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. எல்லோரும் விடியற்காலையில் ஓட்டச் சொல்வார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் அது சரி. டிசம்பர், ஜனவரியில் இங்கே அது தப்பு. குளிர்ந்த காற்று தரையோடு படுத்திருக்கும், புகையெல்லாம் அதற்குள் சிக்கிக்கொள்ளும். வெயில் ஏறி மதியம் ஆனால் கொஞ்சம் கலையும். அதனால் நான் சனி, ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு முன்னால் ஓட்டினேன். ஜனவரி வெயில் சுடாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் வரும் காற்றுத்தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. அந்த நேரத்து நிலவரம் வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கும் காற்று அளவிடும் நிலையத்தின் மணிவாரி அளவைப் பாருங்கள், ஆர்.கே. புரத்திலேயே ஒரு நிலையம் இருக்கிறது. குறியீடு 300-க்கு மேல் போனால், அதாவது 'மிக மோசம்' என்றால், நான் வெளியே போகவில்லை. வீட்டுக்குள் தோப்புக்கரணம் போட்டேன், குடியிருப்பின் மாடிப்படி ஏறி இறங்கினேன். தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. "டெல்லிக் காற்றில் சைக்கிளே ஓட்டக்கூடாது" என்று யாராவது எழுதுவார்கள். அந்தக் காற்றில்தான் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்கள். அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஓட்டுவதற்கு எனக்குப் பிடித்த இடம் சாணக்கியபுரியில் சாந்தி பத். இரண்டு பக்கமும் தூதரகங்கள், அகலமான சாலை, ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. கர்த்தவ்ய பத் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் ஜனவரியில் வேண்டாம், குடியரசு தின ஒத்திகைக்காக அடிக்கடி சாலையை அடைத்துவிடுவார்கள்.

சொல்லித் தராமல் விடுவது கூட்டத்தைப் பற்றி. தனியாக ஓட்டியவர்கள் அங்கே தடுமாறுகிறார்கள். எங்கள் பயணத்தில் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு முன்னால் போன ஒரு பள்ளிக்கூடப் பையன் படம் எடுக்கச் சட்டென்று பிரேக் போட்டான். பின்னால் வந்தவருடைய முன்சக்கரம் அவனுடைய பின்சக்கரத்தை ஓரமாக உரசியது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்னால் வந்தவர்தான் விழுந்தார். முன்சக்கரத்தில் தட்டினால் ஹேண்டில்பார் கையை மீறித் திரும்பிவிடும், சமாளிக்க முடியாது. எனவே உங்கள் முன்சக்கரம் யாருடைய பின்சக்கரத்துக்கும் பக்கவாட்டில் போகக்கூடாது. ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விடுங்கள். நிற்பதற்கு முன் கையைக் காட்டி, குரல் கொடுத்து, ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். காலியான சாலையில் இரண்டு விஷயம் பழகிக்கொள்ளுங்கள்: சைக்கிள் வளையாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பது, ஒரு கையால் தண்ணீர் குடிப்பது. ஹெல்மெட் கட்டாயம். விழுந்தவர் அன்றைக்கு எழுந்து ஓட்டியதே அதனால்தான்.

"பணத்தை நேரடியாகக் கொடுத்துவிடலாமே, எதற்குச் சைக்கிள்?" என்றும் கேட்பார்கள். எங்கள் பணம், பெரிய மருத்துவமனை ஒன்றின் வாசலில் வெளியூர் நோயாளிகளோடு வந்து நடைபாதையில் படுக்கிற குடும்பங்களுக்குக் கம்பளியும் சாப்பாடும் வாங்கப் போனது. ஓட்டப் போகிறேன் என்று சொல்லித்தான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டேன். சும்மா கேட்டிருந்தால் பாதிப்பேர் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். பயணம் முடிந்த பிறகு ஆபீசுக்கே சைக்கிளில் போகலாம் என்று நினைத்தேன். வாசலில் நிறுத்திவிட்டார்கள். காருக்கு ஸ்டிக்கர் உண்டு, சைக்கிளுக்கு இல்லையாம். சுவரோரம் நிறுத்துகிறேன் என்றேன், கூடாது. மனு கொடுத்தேன், பதில் இல்லை. நாங்கள் கொடியசைத்துக் கிளம்பிய படத்தை மட்டும் வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். துப்புரவு வேலைக்கு வருகிற அம்மா ஒருவர் தன் சைக்கிளை வெளியே மரத்தில் பூட்டிவிட்டு வருகிறார், ஒரு தடவை திருடு போயிருக்கிறது. எனக்கு மெட்ரோ இருக்கிறது, அவருக்கு வேறு வழி இல்லை. நாலு சைக்கிள் நிறுத்த ஒரு கம்பி போட எவ்வளவு செலவாகிவிடும்? இதை எழுதும்போதுகூடக் கோபம் வருகிறது.

சரி, கடைசியாகச் சாப்பாடு. அன்று காலையில் புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். கிளம்ப இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு மூன்று இட்லி, கையில் ஒரு வாழைப்பழம். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கொருமுறை நாலு மடக்குத் தண்ணீர். இந்தத் தூரத்துக்கு எனர்ஜி பானமெல்லாம் தேவையில்லை.

எந்த ஊர் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. டெல்லி என்றால், ஆர்.கே. புரம், முனிர்கா பக்கம் இருந்தால் சொல்லுங்கள். சேர்ந்தே ஓட்டிப் பழகலாம், ஸ்கூட்டர் வால்வுக்குப் பொருந்துகிற பம்பும் என்னிடம் இருக்கிறது.