ரெம்ப்ராண்டின் கடன் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ‘இரவுக் காவல்’ ஓவியத்தை ஆம்ஸ்டர்டாம்காரர்கள் ஏற்கவில்லை, அதோடு அவர் சரிந்து வறுமையில் இறந்தார் என்கிறார்கள். தன் காலம் புரிந்துகொள்ளாத கலைஞன் என்று அவரைச் சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

அந்தக் கதை ரொம்பப் பழையது. நடந்தது அப்படியல்ல. 1642இல் அந்த ஓவியம் முடிந்தபோது, அதில் இருக்கும் காவற்படைக்காரர்கள் ஆளுக்குச் சுமார் 100 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கொடுத்து, தங்கள் மன்றத்திலேயே மாட்டிவைத்தார்கள். அதே ஆண்டு அவர் மனைவி சாஸ்கியா இறந்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அவரைக் கவிழ்த்ததில் பெரும் பங்கு வீட்டுக்கடனுக்கு உண்டு. 1639இல் 13,000 கில்டருக்குத் தவணையில் ஒரு வீடு வாங்கினார். தவணை நின்றுபோனது, ஏலங்களில் வாங்கிக் குவிப்பது மட்டும் நிற்கவில்லை. 1656இல் திவாலானபோது அதிகாரிகள் அறை அறையாக எழுதிய பட்டியலில் 363 இனங்கள்: ரோமப் பேரரசர்களின் சிலைகள், தலைக்கவசங்கள், சிப்பிகள், கட்டுக்கட்டாக அச்சோவியங்கள். முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து அவர் வரைந்த பிரதிகள் இருபதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஷாஜகானும் அவற்றில் உண்டு. கண்ணுக்குப் பிடித்ததை வாங்காமல் இருக்க முடியாத மனிதர் அவர். எனக்கு அவரை நெருக்கமாக்குவதும் அதுதான்.

அப்புறம், மகன் டைட்டஸும் துணைவி ஹென்ட்ரிக்யேவும் 1660இல் ஒரு வியாபாரம் தொடங்கி அவரை அதில் வேலைக்கு வைத்தார்கள். புதுப் படங்கள் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு.

உண்மையில் திருப்பப்பட்ட படம் வேறு. நகர மண்டபத்துக்கு அவர் வரைந்த ‘கிளாடியஸ் சிவிலிஸின் சதி’யை மாட்டிவிட்டு 1662இல் கழற்றினார்கள். ஐந்து மீட்டருக்கு மேல் உயரமிருந்த அது பிறகு வெட்டப்பட்டது. மிஞ்சிய துண்டு ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. அது பெரிய அடிதான். ஆனால் அதே 1662இல் துணித்தரம் பார்க்கும் அதிகாரிகளின் குழுப்படத்தையும் அவர்தான் வரைந்து முடித்தார். திவாலான ஆறு வருடத்துக்குப் பிறகும், ஊர்ப் பெரிய மனிதர்கள் தங்கள் முகத்தை நம்பி ஒப்படைத்த ஓவியர் அவர். ஆகவே காலம் புரிந்துகொள்ளவில்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசிக்கால ஓவியங்களைத் துக்கத்தின் விளைவாகப் பார்ப்பதும் எனக்கு ஒப்பாது. ‘யூத மணமகள்’ படத்தில் அந்த ஆணின் சட்டைக்கையைப் பாருங்கள். மஞ்சள் வண்ணத்தை அப்பி, கத்தியால் இழுத்ததுபோல் மேடுபள்ளமாக விட்டிருக்கிறார். மேடுகளில் வெளிச்சம் பட்டுத் துணி மின்னுகிறது. அறுபதை எட்டும் வயதில், வண்ணம் என்ற பொருள் என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்த கை அது. அவ்வளவு துணிச்சல் அழுகையிலிருந்து வராது, தினமும் வேலை செய்வதிலிருந்து வரும்.

படம் இருக்கும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையதளத்தில் அந்தச் சட்டைக்கையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.