கவிதைக்குப் படிமம் போதாதா, தொனி எதற்கு?

போதாது. படிமம் கண்முன் நிற்கிற காட்சி, தொனி அதைச் சொல்கிற குரல். நான் தர்மபுரிக்காரன் என்பதால் உதாரணத்துக்கு வெளியூர் போகவில்லை. இன்றைய தர்மபுரிதான் பழைய தகடூர், அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன (இவர் ஆத்திசூடி ஔவையார் இல்லை, அவர் பல நூற்றாண்டு பிந்தியவர்).

95ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமானுக்காகத் தொண்டைமான் என்ற அரசனிடம் தூது போகிறார் ஔவை. அவன் தன் ஆயுதங்களைப் பெருமையாகக் காட்டுகிறான். இவர் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: இங்கே உள்ளவை மயில்பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள பெரிய மாளிகையில் இருக்கின்றன, எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சின்னக் கொட்டிலில் கிடக்கின்றன. அவ்வளவுதான். ஒரு வசவு கிடையாது, ‘நீ சண்டையே போட்டதில்லை’ என்று ஒரு வார்த்தை கிடையாது, கேட்கிறவனே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நெய் பூசிய வேல் மட்டும் என்றால் அது வெறும் கிடங்கு வர்ணனை. கல்யாணப் பெண்ணுக்குப் போல வேலுக்கு நடந்த அலங்காரத்தை நிதானமாக, மரியாதை குறையாமல் அடுக்குகிறார் பாருங்கள், அந்த நமட்டுச் சிரிப்பில்தான் பாட்டு நிற்கிறது. தூது போன இடத்தில் இதற்கு மேல் வாயைத் திறக்கவும் முடியாது, இல்லையா?

அதே ஔவைதான், அதே அதியமான்தான், மறுபடியும் வேல்தான், ஆனால் 235ஆம் பாட்டில் அவன் செத்துவிட்டான். அவன் மார்பைத் துளைத்த வேல் பாணர்களின் உண்கலத்தைத் துளைத்து, இரப்பவர் கைகளில் ஊடுருவி, அவனை நம்பியிருந்தவர் கண்ணொளியை மழுக்கி, கடைசியில் புலவர் நாவில் போய் விழுந்தது என்கிறார். ஒரு வேல் இத்தனை இடம் பாயுமா என்று நாம் கேட்பதில்லை. காரணம், அதற்கு முன்னால் அவர் பேசியிருக்கிற பேச்சு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான், நரந்தம் மணக்கும் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான் என்று ஒப்பாரிச் சாயலில் சின்னச் சின்னதாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். அந்தக் கள்ளும் கையும் மனதில் இறங்கியபிறகுதான் வேல் வருகிறது, அப்போது அது நம் மேலும் பாய்கிறது. எடுத்த எடுப்பிலேயே வேலைச் சொல்லியிருந்தால் வெறும் மிகை என்று தாண்டிப் போயிருப்போம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும், படிமம் பலமாக இருக்கிற இடத்தில் தொனி அடக்கி வாசித்தாலே போதும். 94ஆம் பாட்டில், ஊர்ச் சிறுவர்கள் வெண்கொம்பைக் கழுவ நீர்த்துறையில் படிந்து கிடக்கும் பெரிய யானை போல எங்களுக்கு இனியவன் நீ, பகைவருக்கு அதே யானையின் மதம் போல இன்னாதவன் என்று நேராக அதியமானிடமே சொல்கிறார். குரலில் எந்த ஜோடனையும் இல்லை. ஒன்று மட்டும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டு யானை இறங்காமல் ராகிக் கொல்லைக்கு ராத்திரிக் காவல் இருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் பிள்ளைகள் கொம்பு கழுவுகிற பாதியை லேசில் நம்ப மாட்டார்கள், மதம் பிடித்த பாதிக்கு உரையே வேண்டாம்.