செப்பிடு வித்தையில் பந்து எப்படிக் கோப்பைக்குள் போகிறது? வீட்டில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். மூன்று கோப்பை, நான்கு பந்து வேண்டும். பார்ப்பவர்களுக்கு மூன்று பந்துதான் தெரியும். வித்தை முழுக்க அந்த நான்காவதில் இருக்கிறது.

தொழில் ரகசியத்தைப் போட்டு உடைக்கலாமா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பந்தை மறைக்கும் வழிகளை 1584-லேயே இங்கிலாந்தில் ரெஜினால்ட் ஸ்காட் அச்சேற்றிவிட்டார். முறை தெரிந்தாலும் கை பழகாமல் இது வராது.

டீக்கடைக் காகிதக் கோப்பையே நல்லது. கவிழ்த்தால் மேலே சிறு பள்ளம் இருக்கும், பந்து உருளாது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். டிஷ்யூ தாளைக் கசக்கி, நூல் சுற்றி, சுண்டைக்காய் அளவில் பந்து செய்யுங்கள். கோலிக்குண்டு வேண்டாம், சத்தமே காட்டிக்கொடுக்கும். மேசையில் தடித்த துண்டை விரியுங்கள். கவிழ்த்த கோப்பைமேல் பந்தை வைத்து இன்னொன்றால் மூடிப் பாருங்கள். மேல்கோப்பை எம்பி நின்றால் பந்து பெரிது.

முன்கூட்டியே மூன்றையும் வாய் மேலே பார்க்க அடுக்கி, நடுக்கோப்பைக்குள் நான்காவது பந்தை ஒளித்துவிடுங்கள். மற்ற மூன்று பந்தும் மேசைமேல். இடக்கையில் அடுக்கைப் பிடித்து, வலக்கையால் அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக் கவிழ்த்து வையுங்கள். மேலிருந்து எடுத்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இரண்டாவதாக வரும் கோப்பையை நடுவில் வையுங்கள். வீச்சோடு ஒரே மூச்சில் கவிழ்த்தால் பந்து விழாமல் உள்ளேயே தங்கும்.

இப்போது நடுக்கோப்பையின் தலையில் ஒரு பந்தை வைத்து, மற்ற இரண்டு கோப்பையையும் அதன்மேல் கவிழ்த்து, ஒரு தட்டு தட்டி, மூன்றையும் சேர்த்துத் தூக்குங்கள். கீழே பந்து! தலையில் வைத்த பந்து அடுக்கின் நடுக்கோப்பைக்குள் போய்விட்டது, அதாவது தொடங்கிய நிலையே திரும்ப வந்துவிட்டது. அடுக்கை நிமிர்த்தி மறுபடி உருவுங்கள். இந்த முறை இரண்டாவது கோப்பையை, இப்போது வெளிவந்த பந்தின்மேல் கவிழ்த்து, தலையில் இன்னொரு பந்தை வைத்து அதேபோல் செய்யுங்கள், இரண்டாகும். அதற்கடுத்து மூன்று.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இரண்டாவது கோப்பையில்தான். அதை மட்டும் பயந்து மெதுவாகக் கவிழ்ப்பார்கள். பந்து எட்டிப் பார்க்கும். மூன்றுக்கும் ஒரே வேகம் இருக்க வேண்டும். வெறும் கோப்பையைக் கவிழ்ப்பது போலவே பந்துள்ளதையும் கவிழ்க்கும் வரை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் கண் மேசையில் தெரியும் பந்தைப் பார்க்கட்டும், அவர்கள் கண்ணும் அங்கேதான் போகும். பிள்ளைகளை எதிரே உட்காரவையுங்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு அடுக்கின் உள்பக்கம் தெரியும். முடிந்ததும் அடுக்கை அப்படியே பைக்குள் போட்டுவிடுங்கள், நான்காவது இன்னும் உள்ளே இருக்கிறது.

தயவுசெய்து இதைத் திருவிழா மூணு சீட்டோடு சேர்க்காதீர்கள். அங்கே ஜெயிப்பதாகக் காட்டிக்கொள்பவன் அவர்கள் ஆள். பணம் போவது உங்களுடையது. யாருக்கும் கேடில்லாத ஏமாற்று என்று ரோமானிய அறிஞர் செனெக்கா தம் கடிதத்தில் சொன்னது கோப்பை வித்தையைத்தான்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். இந்த வித்தையைத் தெருவில் உட்கார்ந்து காப்பாற்றியவர்களை நம் சட்டம் பிச்சைக்காரர் பட்டியலில் வைத்தது. 1959 பம்பாய்ப் பிச்சை ஒழிப்புச் சட்டத்தில் பொது இடத்தில் ஆடிப்பாடி, வித்தை காட்டிக் காசு வாங்குவதும் பிச்சைதான். அது டெல்லிக்கும் பொருந்தியது. அங்கே உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை நீக்கியது 2018-இல்தான்.