மச்சாள் கேட்கவில்லை

கேள்வி: எனக்கு 43 வயது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வசிக்கிறேன். புனைபெயரில் காமக் கதைகள் எழுதுகிறேன். கணவருக்கு மட்டும் தெரியும். அடுத்த மாதம் மட்டக்களப்பு நகரில் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் என் கதையை நானே வாசிக்க வேண்டும். இப்படியான கதையை ஒரு பெண் சபையில் வாய்விட்டு வாசிப்பது தகுமா? உந்துதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் என்ன சொல்வது? எழுதும்போது நான் விரும்பிக் கேட்கும் பழைய கசெற் ஒன்றை வாசிப்புக்கு முன் ஒலிக்கவிட யோசிக்கிறேன். சுனாமிக்கு முந்திய கிழமை மச்சாளிடம் இரவல் வாங்கியது; பிறகு அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. உறையில் அண்ணனின் கையெழுத்து இருக்கிறது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அவர் மச்சாளைச் செல்லமாகக் கூப்பிடும் குரலும் பதிவாகியிருக்கிறது. அந்தச் செல்லப்பேரைத்தான் என் கதாநாயகன் சொல்கிறான். அண்ணன் சுனாமியில் போய்விட்டார். கதை ஒரு விதவையைப் பற்றியது, பெயரையெல்லாம் மாற்றிவிட்டேன்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

உங்கள் கடிதம் நான்கு பக்கம் வந்தது. அதைச் சுருக்கி, ஓரிரு அடையாளங்களையும் மாற்றித்தான் மேலே தந்திருக்கிறேன். மூன்றரைப் பக்கத்தை ஊர் என்ன சொல்லும் என்ற அச்சத்துக்கே கொடுத்திருக்கிறீர்கள். அந்த அச்சத்தை எத்தனையோ கடிதங்களில் வாசித்துவிட்டேன் என்பதால் அதைச் சுருக்கமாகவே முடிக்கிறேன். 1330 குறளில் 250 குறள் காமத்துப்பால். ஆண்டாள் தன் உடலின் ஏக்கத்தை 143 பாட்டாகப் பாடினாள். எங்கள் வயல்வெளிகளில் நாட்டார் கவி படித்த பெண்கள் மச்சானைப் பற்றிப் படித்ததை எழுத்தில் வைத்தால் உங்கள் கதை அதன் முன் கூச்சப்படும். தகும், வாசியுங்கள்.

இனி, நீங்கள் அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டுத் தாண்டிப்போன விடயத்துக்கு வருகிறேன்.

"அவர் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் கேட்கவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா, தங்கச்சி? 2004 டிசம்பர் 26 காலையில் அந்த வீட்டிலிருந்த கலியாணப் படங்களும் உடுபுடவைகளும் அலுமாரியும் போயின என்று நீங்களே எழுதுகிறீர்கள். அவற்றோடு அந்தக் கசெற்றும் போய்விட்டது என்றுதான் மச்சாள் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு இரவல் கொடுத்ததே அவருக்கு நினைவில் இராது. அந்தக் கிழமைக்குப் பிறகு இரவல் கணக்கு யாருடைய தலையில் தங்கியது? புருசனின் குரல் இந்த உலகத்தில் இனி எங்குமே இல்லை என்று ஒரு பெண் 20 வருடத்துக்கு மேலாக நம்பியிருக்க, வாவிக்கு இந்தக் கரையில் அதே குரலை நீங்கள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டிருக்கிறீர்கள், அது முடிந்ததும் நாடாவைத் திருப்பி ஓடவிட்டு மறுபடியும் கேட்டிருக்கிறீர்கள், அதிலிருந்து கதையும் எழுதியிருக்கிறீர்கள்.

அவர் எனக்கும் அண்ணன்தானே என்று கேட்பீர்கள். உண்மை, அந்தத் துக்கத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால், எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போகிறவன். அண்ணன் அந்த வீட்டில் குடியேறிய நாளிலிருந்து அவருடைய குரல், அதிலும் மனைவியைத் தனிமையில் கூப்பிட்ட குரல், அந்த வீட்டுச் சொத்து. மச்சாளுக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளுக்கு உரியது. தகப்பனின் சத்தம் எப்படியிருக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு இன்று ஞாபகமிருக்குமா என்று நான் கேட்பது உங்களைச் சுட வேண்டும் என்பதற்காகவே.

பெயரை மாற்றிவிட்டதாக ஆறுதல் கொள்கிறீர்கள். நீங்கள் இணைத்த கதையை இரண்டு தரம் வாசித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள், அதனால் என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. காதலை இவ்வளவு வெளிப்படையாகப் பாடிய நம்முடைய அகமரபு ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தது. அகப்பாட்டில் எவரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. பெயரைத் தவிர்த்தால் போதும் என்றும் எண்ணிவிடாதீர்கள். சங்கப் பாட்டான நெடுநல்வாடையின் 188 அடிகளிலும் அரசனின் பெயர் கிடையாது. தலைவனைப் பிரிந்து கட்டிலில் உறக்கமில்லாமல் கிடக்கும் பெண்ணைப் பற்றிய பாட்டு அது. ஆனாலும் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருந்ததாக ஓரிடத்தில் வந்துவிட்டது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ என்பதால், அந்த ஒரு சொல்லைக் காட்டியே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அந்தப் பாட்டை அகம் ஆகாது என்று தள்ளினார்.

உங்கள் கதையில் அந்தச் செல்லப்பேர்தான் வேம்பு. அதை நான் அச்சில் ஏற்றமாட்டேன். சபையில் அது யாருடைய பேர் என்று ஒருவருக்கும் தெரியாது என்கிறீர்கள். கூட்டத்துக்கு மச்சாளையும் வரச்சொல்லப்போவதாகக் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்களே! நாலு பேருக்கு நடுவில், பிளாஸ்டிக் கதிரையில், எதற்கு அழைத்தார்கள் என்றே தெரியாமல் இருக்கும் அந்த மனிசியின் காதில், செத்துப்போன புருசன் ஒலிபெருக்கியில் வந்து கூப்பிட வேண்டும், அடுத்த பத்தாவது நிமிடம் நீங்கள் அதே பேரைச் சொல்லிக் கட்டில் காட்சி வாசிக்க வேண்டும். இதை யோசித்தபோது உங்களுக்குக் கை நடுங்கவில்லையா?

ஆகவே, கூட்டத்துக்கு முன் மச்சாள் வீட்டுக்குப் போங்கள். கசெற்றைக் கொடுங்கள், இத்தனை நாள் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், கதையைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். பொருளைக் கொடுத்த கையோடு அனுமதி கேட்பது வியாபாரம். அவர் அழுவார், ஏசுவார், சிலவேளை எழுந்து உள்ளே போய்விடுவார். எல்லாவற்றுக்கும் பொறுமையாக இருந்துவிட்டு வாருங்கள். கொஞ்ச நாள் கழித்து, அவர் முகம் கொடுத்துப் பேசினால், புனைபெயர் உங்களுடையது என்பதையும் சொல்லி, அந்தக் கதையை அவருக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் கதை போகட்டும். எழுதத் தெரிந்த கைக்கு இன்னொரு கதை வரும்.

அடுத்த மாதம் வேறு கதையை வாசியுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெளிச்சமான மண்டபத்தில் உடலை உறுப்பு உறுப்பாக விவரித்தால் சனம் நெளியும், சிலர் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டு நீங்களும் வேகமாக வாசித்து முடித்துவிடுவீர்கள். அணைப்புக்கு முந்திய தயக்கம் இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுத்து, வசனத்துக்கு வசனம் மூச்சுவிட்டு வாசியுங்கள். மண்ணிலும் மழையிலும் சொல்லிவிட்டுப் படுக்கையைச் சொல்லாமல் விட்ட குறுந்தொகைப் புலவர்களை வீட்டில் உரத்து வாசித்துப் பழகினால் இது கைவரும்.

வாசிப்புக்கு முன் சினிமாப் பாட்டே வேண்டாம். கேட்பவர்களின் மனம் அந்த வரிகளோடு போய்விட்டால் உங்கள் முதல் பந்தி வீண். சொல்லில்லாத இசை போதும். ஒவ்வொரு திணைக்கும் தனி யாழும் தனிப் பறையும் வகுத்த மரபு நம்முடையது; அந்த யாழை ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்த விபுலானந்த அடிகள் நம் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்தவர். நம்மூர்ப் பிள்ளை ஒருவரின் புல்லாங்குழலோ வயலினோ இரண்டு நிமிடம் ஒலித்தால் போதும். உந்துதல் பற்றிக் கேட்டால் உங்கள் அம்மம்மாவின் கவியைச் சொல்லுங்கள். முதலாம் பக்கத்தில் அவரைப் பற்றி எழுதிய நான்கு வரி கடிதத்திலேயே நல்ல வரிகள்.

கசெற்றைப் பற்றி ஒரு சொல். அதை இனி ஒரு தடவைகூட ஓடவிடாதீர்கள். இத்தனை வருடத்து நாடா பழைய பெட்டியில் சிக்கினால் இழுத்து அறுத்துவிடும். நகரில் பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் கடையொன்றை விசாரித்து, பக்கத்திலேயே இருந்து பிரதி எடுப்பித்து, மூலத்தோடு அந்தப் பிரதியையும் மச்சாளிடமே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கென்று ஒன்று எடுத்து வைக்காதீர்கள், அவராகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். உறையை மாற்றாதீர்கள். போகும்போது கசெற் போடுகிற பெட்டி ஒன்றையும், அதற்குப் புது பற்றரியும் கொண்டுபோங்கள். இந்தக் காலத்தில் அவர் வீட்டில் அது இருக்காது.