கொல்கத்தாவுக்கு 600 ரூபாயா?

கேள்வி: கடலை ஒட்டியே பறந்து மூன்று மணி நேரத்தில் சென்னையிலிருந்து கொல்கத்தா போகலாம், சீட்டுக்கு 600 ரூபாய்தான் என்று படித்தேன். அது விமானமா, கப்பலா? கட்டுப்படியாகுமா?
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: சென்னை ஐஐடியில் முளைத்த வாட்டர்ஃப்ளை டெக்னாலஜீஸ் சொன்ன கணக்கு அது. பழவேற்காட்டில் கூழைக்கடா சிறகை அடிக்காமல் தண்ணீரை உரசினாற்போல வெகுதூரம் வழுக்கிக்கொண்டு போகுமே, அதே வித்தைதான். இறக்கை தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால் அதன் நுனியில் பின்னுக்கு இழுக்கும் காற்றுச்சுழல் முழுசாக உருவாக முடியாது, இழுவை குறையும், அதனால் அதே எரிபொருளுக்குக் கூடுதல் எடை தூக்கலாம். படகுக்கோ தண்ணீரைக் கிழித்தாக வேண்டும், அது காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி.

ஆனால் நிஜ லாபம் சட்டக் காகிதத்தில் இருக்கிறது என்பேன். உயரே போக முடியாத வண்டியைச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் கணக்கில்தான் சேர்க்கிறது. ஓடுபாதை வேண்டாம், விமான நிலையக் கட்டணம் இல்லை, படகுத்துறை போதும். இதே வகையில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று வளர்த்தெடுத்த ஏர்ஃபிஷ் 8 எட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு, காரில் இருக்கும் வி8 இன்ஜினை வைத்து, சாதாரண பெட்ரோலில் ஓடுகிறது.

சரி, அந்த 600 ரூபாய்? 20 சீட் நிரம்பினால் மொத்தம் 12,000 ரூபாய், தூரம் 1,600 கிலோமீட்டர், ஆக கிலோமீட்டருக்கு ஏழரை ரூபாய். அந்த ரேட்டுக்கு நம்மூர் வாடகைக் காரே வராது. நான் நம்பவில்லை.

கேள்வி: ரஷ்யர்கள் அறுபதுகளிலேயே செய்துவிட்டார்களாமே, அப்புறம் ஏன் பரவவில்லை?
- அதே வாசகர்

பதில்: செய்தார்கள். சோவியத் பொறியாளர் அலெக்ஸேயெவ் வடிவமைத்த 'காஸ்பியன் பூதம்' 1966இல் பறந்தது, எடை 544 டன் வரை. அதில் பத்து ஜெட் இன்ஜின்கள், அவற்றில் எட்டு முக்கியமாகத் தண்ணீரைவிட்டு எழும்புவதற்கு. எழும்பிய பிறகு அந்த எட்டையும் வழி நெடுகச் சுமக்க வேண்டும், வியாபாரம் அடிபடுவது இங்கேதான். அலை உயர்ந்தால் கிளம்பவே முடியாது, உப்பு வேறு இன்ஜினை அரிக்கும். 1980இல் அது விபத்தில் மூழ்கிப்போனது. தவிர, அவர்களுக்கு அது ராணுவச் சமாசாரம், டிக்கெட் விற்கிற கவலை இல்லை.

எனக்குத் தோன்றுவது, வங்கக்கடலை நீளவாக்கில் ஓடுவதைவிட சிங்கப்பூர் - பாத்தாம் (பக்கத்து இந்தோனேசியத் தீவு) போல அடக்கமான கடலில், குறுகிய தூரத்தில்தான் இதற்குப் பிழைப்பு. உங்கள் ஊரிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் சுமார் 110 கிலோமீட்டர், கப்பலில் நான்கு மணி நேரம். மணிக்கு 150 கிலோமீட்டரில் போனால் முக்கால் மணி நேரம். ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்தால் இப்போது கப்பலையே நிறுத்திவிடுகிறார்கள், இது மட்டும் ஓடுமா? ஓடினாலும், மிச்சமாகும் மூன்று மணி நேரத்தில் பாதியைக் குடியேற்ற வரிசையிலேயே செலவழிக்கத் தயாராக இருங்கள்.